கம்பளியை யாருக்கும் கொடுத்துவிடாதே

கெண்டல், இங்கிலாந்து,
நவம்பர் 9

அன்புள்ள மல்லிகா,

நாங்கள் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டதா? இவருக்கு மருத்துவமனை, வீடு, தூக்கம் என்று நாள் ஓடுகிறது. மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பணம் தேவைப்பட்டால் போன் செய்வாள். இங்கே மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது.

பெரியப்பா போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. போனில் இருவரும் பத்து நிமிடம் அழுதோம். நான் கருமாதிக்கு வரவில்லை, அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவும் இல்லை. நான்கு முறை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மனதைத் தேற்றிக்கொள்" என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. என் அப்பா இருந்தும் இல்லாத வீட்டில், எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர் அவர். உனக்கு நான் ஆறுதல் சொல்வதா, நீ எனக்குச் சொல்வதா?

போன வாரம் நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய கருப்புக் கம்பளி கிடைத்தது, பூச்சி அரித்திருக்கிறது, எரித்துவிடலாம் என்கிறார் அண்ணி என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கம்பளியை எரித்துவிடாதே மல்லிகா. யாருக்கும் கொடுத்தும்விடாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள். பாதியில் மடித்து வைத்து "ராத்திரி படிக்கிறேன்" என்பது உன் வழக்கம். இந்த ஒரு முறை கடைசிவரை படி.

மகள் போன பிறகு பகலெல்லாம் என்ன செய்கிறாய் என்று கேட்டாயே, கைவேலை என்றேன். "கூடை பின்னுகிறாயா?" என்றாய். கூடை இல்லை. ஆட்டு ரோமத்தால் படம் செய்கிறேன். இங்கே இதற்கு ஃபெல்ட் என்று பெயர். நெசவும் இல்லை, பின்னலும் இல்லை. தறியும் நூலும் வேண்டியதில்லை. ஆட்டு ரோமத்தின் மேல்தோல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாலோ ஊசியால் குத்தினாலோ ஒரு மயிர் இன்னொன்றைப் பற்றிக்கொள்ளும். பற்றினால் விடாது. சடை பிடித்த தலை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் விளக்க வேண்டுமா? எட்டாம் வகுப்பில் உன் தலையை வாருவதற்குள் உன் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியாதா? அந்தச் சடையை நாமே வேண்டுமென்று, வேண்டிய இடத்தில், வேண்டிய நிறத்தில் வரவழைப்பதுதான் இந்த வேலை.

ஊசி ஒரு சாண் கூட இருக்காது. நுனி முக்கோணமாக இருக்கும்; மூன்று விளிம்பிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னச் சின்ன வெட்டுகள். கீழே தடித்த ஸ்பாஞ்சு, அதன் மேல் ஃபெல்ட் துணி, அதன் மேல் ரோமத்தைப் பஞ்சு போலப் பிரித்து வைத்து நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும். சாய்த்தால் ஊசி முறிந்துவிடும். குத்தும்போது அந்த வெட்டுகள் மேல் மயிரை இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகின்றன. சரக், சரக், சரக். ஒரு கை அகல வானத்துக்கே ஆயிரக்கணக்கில் குத்த வேண்டியிருக்கிறது. நீலத்தையும் வெள்ளையையும் சாயம் மாதிரி குழைக்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுத்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து மறுபடியும் இழுத்து, இழையோடு இழையாகக் கலக்க வேண்டும். கிட்டே பார்த்தால் நீல மயிர் தனி, வெள்ளை மயிர் தனி. மூன்றடி தள்ளி நின்றால் மழைக்கு முந்தைய வானம்.

இந்த ஊருக்கும் ரோமத்துக்கும் பழைய உறவு. கெண்டல் நகரத்தின் முத்திரை வாசகமே லத்தீனில் "துணியே எனக்குச் சோறு" என்று பொருள்படும். ஆட்டு ரோமத் துணியால் பிழைத்த ஊர் இது. பக்கத்துக் கிராமத்து மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை செவ்வாய்க்கிழமைதோறும் ஃபெல்ட் சொல்லிக்கொடுத்தார். அங்கேதான் கற்றேன். 2019 ஜூனில் காக்கர்மவுத் ஊரில் நடக்கும் ரோமத் திருவிழாவுக்கு அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். ஆட்டுச் சந்தைக் கொட்டகையில் நடக்கிறது. ஆடுகளை அடைக்கும் கம்பித் தடுப்புகளுக்குள் கடை போட்டிருக்கிறார்கள். சுருள் சுருளாகத் தொங்கும் வென்ஸ்லிடேல் ஆட்டு ரோமத்தைக் கையில் எடுத்தபோது எனக்கு அருவியும் கதிர்ப் புல்லும் கண்ணில் தெரிந்தன. கை நிறைய வாங்கி வந்தேன்.

ஆனால் முதல் படம் சரியாக வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் தெரியும் குன்றும் அதன் மேல் ஏறிப்போகும் கற்சுவரும் செய்தேன். சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே கட்டிய சுவர்கள் இங்கே மலை முழுக்க ஓடும். சாயம் போட்ட மெரினோ ரோமம் வாங்கிச் செய்தேன். மெரினோ மிக மெல்லியது, 20 மைக்ரான் அளவுதான், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. கன்னத்தில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். எல்லோரும் அழகு என்றார்கள். எதிர்வீட்டுக் கிழவர் மட்டும், அறுபது வருடம் ஆடு மேய்த்தவர், கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல குன்று. ஆனால் இங்கே மழை பெய்யுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சு என்னைப் பத்து நாள் படுத்தியது. மறுவாரம் அவரே ஒரு மூட்டை ரோமத்தை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஹெர்ட்விக் ஆட்டு ரோமம்.

இந்த மலைகளில் மட்டுமே பெரும்பாலும் இருக்கும் ஆடு அது. குட்டி பிறக்கும்போது கருப்பு. ஒரு வருடத்தில் முகமும் காலும் வெளுத்து உடம்பு பழுப்பாகிவிடும். அப்புறம் வருடத்துக்கு வருடம் நரைத்துச் சாம்பலாகும். ரோமம் 35 மைக்ரானுக்கு மேல். நடுநடுவே தடித்த வெள்ளை முள்மயிர். சாயம் சரியாக ஏறாது. உடம்பில் பட்டால் அரிக்கும். அதை வைத்துக் குன்றைச் செய்தேன். முதல் நாள் மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. கல் கல்லாக வந்தது. சுவரில் பாசி படிந்த பக்கமும் காற்று அடிக்கும் பக்கமும் தனித்தனியாகத் தெரிந்தன. முள்மயிர்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, காய்ந்த புல் மேல் பனி விழுந்த மாதிரி இருந்தது. அந்தக் குன்றில் நடந்து, அதன் புல்லைத் தின்று, அதன் மழையில் நனைந்த ஆட்டின் மயிர் அது. பின்னே எப்படி வராமல் போகும்?

அந்த ரோமத்துக்கு இங்கே விலை இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. ஓர் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கூலியே அந்த ரோமத்துக்குக் கிடைக்கும் காசைவிட அதிகம். கத்தரிக்காமல் விட்டால் ஆட்டுக்குப் புழு வைத்துவிடும், அதனால் நஷ்டப்பட்டாவது கத்தரிக்கிறார்கள். 2020-ல் பல பண்ணைகளில் மூட்டை மூட்டையாக எரித்தார்கள், எருக்குழியில் போட்டார்கள். "எங்கள் அண்ணனும் கத்தரித்ததை வரப்போரம் கொட்டிவிடுகிறார்" என்று நீ சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கதை!

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன், சின்னவனிடமும் சொல். சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பாஸிரிக் என்ற இடத்தில் 1940-களில் பழைய சமாதிகளைத் தோண்டினார்கள். ஆடும் குதிரையும் வைத்துப் பிழைத்த நாடோடிகளின் சமாதிகள். உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டதால் எதுவும் அழுகவில்லை. 2,200 வருடத்துக்கு மேற்பட்ட ஃபெல்ட் திரை, அதில் குதிரைமேல் வரும் வீரன். ஃபெல்டில் செய்து உள்ளே அடைத்த அன்னப் பறவைகள். நிறத்தோடு இருக்கின்றன. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ரோமத்தால் படம் செய்வதைப் பொழுதுபோகாத பெண்களின் வேலை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆடு மேய்த்தவர்களின் கலை இது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா போன மறுவாரம் நான் ஒரு படம் தொடங்கினேன். இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம். நம் ஆட்டுக் கிடை.

உனக்கு நினைவிருக்கும். பருத்தி மார் பிடுங்கிய மேலக்காட்டில் கிடை போட்டிருந்தார். நாம் இருவரும் ஒரே சைக்கிளில் தூக்குப் போசியோடு போனோம். (வெங்காயப் பாத்தியில் யார் விழுந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, சைக்கிளை ஓட்டியது நீ.) திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் கம்பளியைத் தலையை மூடிக் கொங்காணியாகப் போட்டு, நம் இருவரையும் இரண்டு பக்கமும் இழுத்து வைத்துக்கொண்டார். வெளியே ஆடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று தலை வைத்து அசையாமல் நனைந்தன. கம்பளியின் ஓரத்தில் மழைத்துளிகள் உள்ளே இறங்காமல் மயிர் நுனியில் முத்து முத்தாக நின்றன. அரிக்கேன் விளக்கு வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் இருந்தது. கழுத்தெல்லாம் அரித்தது. ஈர ரோமம், புகையிலை, புளியங்கொட்டைக் கஞ்சி எல்லாம் கலந்த ஒரு வாசனை. "அரிக்கிறது பெரியப்பா" என்றேன். "அரித்தால்தான் கம்பளி" என்றார்.

அதைத்தான் செய்கிறேன். வானம் முடிந்துவிட்டது. கரிசல் மண் முடிந்துவிட்டது. அதற்கு மட்டும் மூன்று வகைப் பழுப்பும் ஹெர்ட்விக் குட்டியின் முதல் கத்தரிப்பும் கலந்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள் பட்டு இழை நாலைந்து. பட்டிக்கு அப்பால் பனை ஒன்று. ஆடுகள் வரவில்லை. சாயக் கருப்பு மெரினோவில் செய்து பார்த்தேன், பொம்மைக் கடை ஆடாக வந்தது. பிடுங்கிப் போட்டேன். ஹெர்ட்விக்கில் செய்து பார்த்தேன், இந்த ஊர் ஆடு பெரம்பலூர்க் காட்டில் வந்து படுத்திருக்கிற மாதிரி இருந்தது. அதையும் பிடுங்கினேன். நம் ஊர்க் கருங்குறும்பை ஆட்டின் கருப்பு வேறு, மல்லிகா. வெயிலில் நுனி செம்பட்டை பாய்ந்து, அடியில் மட்டும் நிறம் மாறாமல் இருக்கும் கருப்பு அது. அதை எந்தச் சாயத்திலும் கொண்டுவர முடியவில்லை. படத்தின் நடுவில் ஆடுகள் படுக்க வேண்டிய இடமும், அவர் உட்கார வேண்டிய ஓர் உள்ளங்கை அகலமும் இரண்டு மாதமாக வெறுமையாகக் கிடக்கின்றன.

அதனால்தான் கேட்கிறேன். கம்பளியில் பூச்சி அரித்த ஓரம் போதும் எனக்கு. மிச்சத்தை வேப்பிலை போட்டு மடித்து வை, அது உன்னுடையது. அந்த ஓரத்தைப் பிரித்து, அவர் போர்த்தியிருந்த மயிராலேயே அவரைச் செய்ய வேண்டும். ஆடுகளுக்கு அண்ணன் பட்டியிலிருந்து இரண்டு ஆட்டு ரோமம் வேண்டும்.

அண்ணன் பட்டியையே விற்கப்போகிறார் என்றாய். கறிக்கு மேச்சேரி ஆடுதான் விலை போகிறது, குறும்பையை யார் கேட்கிறார்கள், மேய்க்கவும் ஆள் இல்லை என்கிறார். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வெயிலில் அதன் பின்னால் நடப்பவர் அவர். ஆனால் ஒரு பத்து உருப்படியையாவது, அந்தச் சுருட்டைக் கிடாவோடு, வைத்துக்கொள்ளச் சொல். இவர் கிண்டல் செய்வார் என்றாலும் சொல்கிறேன்: பத்து ஆட்டின் தீவனச் செலவில் பாதியை நான் தருகிறேன். போன மாதம் இங்கே என் குன்றுப் படம் ஒன்று விற்றது, அந்தப் பணம் அப்படியே இருக்கிறது. அண்ணன் கோபித்துக்கொள்ளாதபடி எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும். அவருக்கு நல்ல மீன் குழம்பு வைத்த நாளாகப் பார்த்துப் பேச்சை எடு.

ரோமத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், சுங்கத்தில் வம்பு வரும். நானே வருகிறேன். ஊசிகளையும் ஸ்பாஞ்சையும் எடுத்து வருகிறேன், படத்தைச் சுருட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் திண்ணையில் உட்கார்ந்து முடிக்கிறேன். நீ பக்கத்தில் இருந்து ரோமத்தைச் சிக்கெடுத்துக் கொடு. குறை சொல்லிக்கொண்டே கொடு, எனக்குச் சம்மதம்.

அண்ணன் அடுத்து ரோமம் கத்தரிப்பது தை மாதத்திலா, மாசியிலா? சரியாகக் கேட்டு இந்த வாரத்துக்குள் சொல். அதன்படி டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
சுமதி

பி.கு.: கம்பளியைத் துவைத்துவிடாதே.