சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள சுப்பையாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மதினிக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு சந்தோஷம். இங்கே பிசான நடவு முடிந்துவிட்டது, ஆற்றிலும் நல்ல தண்ணீர்.

சரி, மகள் வீட்டுக்கு நீயும் மதினியும் போகிற தூரம் எவ்வளவு என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார். அது வடக்கே ஏறி, துருவத்துக்குப் பக்கமாகப் போய், அந்தப் பக்கம் இறங்கும். சுவரில் மாட்டும் படத்தில் இது தெரியவே தெரியாது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு இந்தத் துருவ வழியில்தான் நிற்காமல் வந்தது. ஓட்டிய விமானிகள் எல்லோரும் பெண்கள். நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

உங்கள் டிக்கெட் சிங்கப்பூர் வழி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அங்கிருந்து பசிபிக் கடலைத் தாண்டி இன்னும் 13,600. கூட்டிப் பார்த்தால் 2,500 கிலோமீட்டர் சுற்றுத்தான். இருந்தாலும் மதினிக்கு நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்க முடியும் என்பதால் எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து அங்கே போகும்போது பதினைந்து மணி நேரம், வரும்போது பதினேழு மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறதே, பூமி கிழக்கே சுற்றுவதாலா என்று கேட்டிருந்தாய். அதனால் இல்லை. பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது. காரணம் வேறு. விமானம் பறக்கும் உயரத்தில், முப்பதாயிரம் அடிக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. பனிக்காலத்தில் அதன் வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டரையும் தாண்டும். குறுக்குத்துறையில் ஓட்டத்தோடு நீந்தியதும் எதிர்த்து நீந்தியதும் உனக்கு நினைவிருக்குமே, அதேதான். போகும்போது அந்தக் காற்று தள்ளிவிடும். திரும்பும்போது அது எதிர்க்காற்று. முடிந்தவரை அதற்கு விலகித்தான் பாதை போடுவார்கள், அப்படியும் நேரம் கூடிவிடும்.

தேதியைப் பார்த்துக் குழம்பாதே. தை மாதம் சிங்கப்பூரில் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால், சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதியில் காலை எட்டு மணிக்கு இறங்குவீர்கள். நடுக்கடலில் தேதிக் கோட்டைத் தாண்டுவதால் அப்படி. வரும்போது செவ்வாய் காலை பத்துக்கு ஏறினால் சிங்கப்பூரில் புதன் இரவு ஏழு ஆகிவிடும். அழைக்க வருகிறவர்களிடம் கிழமையைச் சொல்லும்போது கவனம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. நீ விமானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறாய். நெல்லையிலிருந்து சென்னை 650 கிலோமீட்டர், வந்தே பாரத்திலேயே எட்டு மணி நேரம் ஆகிறது. கிட்டத்தட்ட அதில் பாதி நேரத்தில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கே போய்விடலாம். கல்லிடைக்குறிச்சியில் வீட்டைப் பூட்டியது முதல் மகள் வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடு. ரயிலை விட்டு இறங்கியதும் நேரே விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள், ஒரு ராத்திரி சென்னையில் தங்குங்கள். மதினிக்கு ஓரத்து இருக்கை வாங்கு. மணிக்கொரு தடவை எழுந்து நடக்கட்டும், தண்ணீரும் குடிக்கட்டும்.

அப்புறம், திரும்பும் டிக்கெட்டில் சிங்கப்பூரில் இரண்டு விமானத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எழுது. மூன்று மணிக்குக் குறைவாக இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லலாம்.

அன்புடன்,
சங்கரன்