கேட்காத சத்தம்

பாளையங்கோட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக்காக வகுப்புக்குள் நுழைந்த முதல் நாளே சாக்பீஸ் இரண்டு முறை கைதவறி விழுந்ததையும், பிள்ளைகள் சிரித்ததையும் நீ ஒளிக்காமல் எழுதியிருந்ததைப் படித்தபின், நானும் இதுவரை உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடத் துணிந்தேன்.

செவிலியர் பயிற்சியில் வார்டுக்குப் போன புதிதில் ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்கள். பட்டையில் காற்றை ஏற்றி மெல்ல இறக்கும்போது துடிப்பு கேட்கத் தொடங்கும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்; ஆனால் அன்று வார்டின் இரைச்சலைத் தவிர என் காதில் எதுவும் விழவில்லை. சுற்றி நின்ற உறவினர்கள் முன்னால் வெட்கப்பட்டு, 120/80 என்று எழுதிவைத்தேன். சற்று நேரத்தில் சிஸ்டர் மறுபடி பார்த்தபோது 170/100 இருந்தது. அவர் திட்டவில்லை. "கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அன்று இரவு தூங்கியிருப்பேன்.

அதன்பின் சொல்லப் பழகினேன். முதல் பத்து நாட்கள் நாக்கு கூசியது. பிறகு, முழங்கை மடிப்பில் விரல் வைத்து நாடியைத் தேடிக் கண்டபின்பே ஸ்டெதாஸ்கோப்பை வைக்க வேண்டும் என்பது கைக்கு வந்தது. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுதும் எண்ணும் கள்ளத்தனமும் வந்தது. (இந்த ஒரு பொய்க்கு அனுமதி உண்டு!)

போன வாரம் முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். மடியில் சுளகு வைத்துப் பல வருடம் பீடி சுற்றியவர். விரல் நுனிகள் காய்த்திருந்ததால், சர்க்கரை அளவு பார்க்க விரலின் பக்கவாட்டில்தான் குத்துவேன். அன்று காலை இன்சுலின் போட்டபின் ஓர் இட்லியைக்கூட முழுதாக உண்ணவில்லை. ஓயாமல் பேசுகிறவர் திடீரென வார்த்தை குழறி, என்னைத் தன் மகளின் பெயர் சொல்லி அழைத்தார். நெற்றியைத் தொட்டேன், சில்லென்று வியர்த்திருந்தது. கருவி 54 காட்டியது; சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. வார்டின் மறுகோடியில் நின்ற சிஸ்டரை உரக்கக் கூப்பிட்டேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே ஐயம். விழுங்க முடிகிறதா என்று பார்த்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன்: 92. கூடவே உணவும் கொடுத்தோம்.

அவர் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று இன்னொருவரின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகக் கேட்கவில்லை, சிஸ்டரை அழைத்தேன். வாசலில் நின்ற ஆச்சி, "ஏளா, ஒனக்கு இன்னுமா கேக்கல?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனித் தேருக்கு ஊருக்கு வருவாய்தானே? வரும்போது உன் பிள்ளைகள் இப்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி