விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொத்தான் வையுங்கள்

வீட்டுச் சாதனங்களை வடிவமைப்பவர்களுக்கும், அந்த வடிவத்துக்குக் கடைசிக் கையெழுத்துப் போடுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997-இல் வகுத்த யுனிவர்சல் டிசைன், அதாவது எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைப்பதற்கான கோட்பாடுகள் ஏழையும் நீங்கள் படித்திருப்பீர்கள், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அதனால் நேராக எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வந்துவிடுகிறேன்.

என் அம்மாவுக்கு 72 வயது. கண்ணில் மாகுலா சிதைவு. எதைப் பார்த்தாலும் நடுவில் இருப்பது மட்டும் ரப்பரால் அழித்த மாதிரி இருக்கும், ஓரங்கள் தெரியும். வீட்டுக்குள் யார் துணையும் இல்லாமல் நடமாடுவார். பழைய வாஷிங் மெஷினைக் கடைசி நாள்வரை அவர்தான் ஓட்டினார். அதில் ஒரு குமிழ் இருந்தது. திருகினால் டக், டக் என்று நின்று நின்று போகும். மூன்று டக் என்றால் சாதாரணத் துணி, ஐந்து டக் என்றால் போர்வை. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

அது பழுதான பிறகு வாங்கியதில் குமிழ் கிடையாது. ஒரே கறுப்புக் கண்ணாடி. ஸ்விட்ச் போட்டால்தான் எழுத்தே ஒளிரும். கடையில் பார்த்தபோது எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது அம்மா மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் துணி போட்டிருக்கிறார். ஓடத் தொடங்கிய மெஷினைக் கொஞ்சம் நிறுத்துவதற்காகக் கண்ணாடியைத் தடவியிருக்கிறார். விரல் ஓரிடத்தில் மூன்று விநாடி நின்றுவிட்டது. சைல்டு லாக் விழுந்துவிட்டது. அப்புறம் எதைத் தொட்டாலும் 'பீப்' மட்டும்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பீப். பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். உள்ளே தண்ணீர் நின்றதால் கதவும் திறக்கவில்லை. குழந்தைகளுக்காக வைத்த பூட்டு 72 வயதுக்காரரைப் பகல் முழுக்க வெளியே நிறுத்திவிட்டது. போன் செய்திருக்கலாமே என்றேன். "வேலையில இருப்பியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பழசையே ரிப்பேர் பண்ணியிருக்கலாம்ல" என்றார். அதன் பிறகு அவர் அந்த மெஷினைத் தொடவில்லை. துணியைக் கூடையில் போட்டு வைத்துவிட்டு நான் வரும்வரை காத்திருக்கிறார்.

கஸ்டமர் கேரில் மிக மரியாதையாகப் பேசினார்கள், ஆப் வழியாக இயக்கலாமே என்றார்கள். இறக்கிப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான நெறிமுறை 2008-லேயே சொல்லிவிட்டது. அந்தத் திரையைப் படிக்க எனக்கே மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது.

சரி, நாமே ஏதாவது செய்வோம் என்று 'ஸ்டார்ட்' இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் புள்ளி ஒட்டினேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. நிஜப் பொத்தானை விரல் தடவித் தேடும், கண்டுபிடித்த பிறகுதான் அழுத்தும். உங்கள் கண்ணாடியில் தேடுவதும் அழுத்துவதும் ஒன்றுதான். புள்ளியைத் தேடிப் போகிற வழியிலேயே விரல் வேறு நான்கைத் தொட்டுவிடுகிறது. நான்கும் வேலை செய்துவிடுகின்றன. பார்வை குறைந்தவருக்கு இதைவிடத் துல்லியமாக ஒரு கதவை யாரும் சாத்த முடியாது.

பார்வை மட்டுமா? விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் இந்தக் கண்ணாடி தொடுகையை உணர்கிறது. வறண்டு காய்த்துப்போன விரலைச் சில நேரம் அது கண்டுகொள்வதில்லை. ஈரம் பட்டாலும் குழம்பிவிடுகிறது. தண்ணீரிலேயே வேலை செய்யும் இயந்திரத்துக்கு ஈரக் கை ஆகாதாம்!

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். ஓட்டவும் நிறுத்தவும் விரலுக்குத் தெரிகிற, அழுத்தினால் உள்ளே போகிற பொத்தான்கள் இரண்டும், டக் டக் என்று திருகும் குமிழ் ஒன்றும் வையுங்கள். மீதி இடமெல்லாம் கண்ணாடியாகவே இருக்கட்டும்.

சிலருக்காக வடிவத்தை மாற்ற முடியாது என்பீர்கள். ஜப்பானில் காவோ நிறுவனம் 1991-இல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாக மேடுகள் வைத்தது, கண்டிஷனர் பாட்டிலை வழவழப்பாகவே விட்டது. பார்வையற்றவர்களுக்காகச் செய்தது, தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற எல்லோருக்கும் உதவியது. அந்த யோசனையைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. நான்கு கோடு போட அவர்களுக்கு மனம் இருந்தது.

தொடுதிரைதான் நவீனம் என்பவர்களுக்கு இன்னொன்று. 2017-இல் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய் டேங்கர் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலை இயக்கும் தொடுதிரை அமைப்பின் குழப்பங்களும் விசாரணையில் பேசப்பட்டன. 2019-இல் அந்தக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது. பயிற்சி பெற்ற மாலுமிகளுக்கே அந்தப் பாடு என்றால், என் அம்மா எந்தக் கடற்படையில் பயிற்சி எடுத்தார்?

உங்கள் மெஷினில் 24 விதமான துவைப்பு முறைகள் இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்துவது இரண்டு. துவைத்து முடித்ததும் ஒரு பாட்டு வேறு பாடுகிறது. பாட்டுக்கு இடம் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு குமிழுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை எப்படி நம்புவது? இது ஒரு மெஷினோடு முடிகிற கதையும் இல்லை. சார்ஜ் ஏறுகிறதா, முடிந்ததா என்பதைச் சிவப்பு, பச்சை என ஒரே விளக்கில் காட்டுகிறீர்கள். அந்த இரண்டு நிறமும் பிரித்தறிய முடியாத ஆண்கள் ஏராளம் என்பது கண் மருத்துவத்தில் பழைய செய்தி. ரிமோட்டில் நாற்பது பொத்தானும் ஒரே அளவு. மூத்தவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஓடிப்போகும் ஓடிபி. பெட்டியில் மட்டும் 'எளிதானது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதை மட்டும் அம்மாவால் படிக்க முடிகிறது.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டேன். உங்களில் பலர் இதையே அலுவலகக் கூட்டத்தில் சொல்லித் தோற்றிருப்பீர்கள் என்றும் தெரியும். அவர்கள் இந்த மடலை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகட்டும்.

கையெழுத்துப் போடுபவர்களிடம் ஒரு சின்ன உதவி கேட்கிறேன். அடுத்த மாடல் உங்கள் மேசைக்கு வரும்போது கையை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் நான் எழுதியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓடாவிட்டால், தயவுசெய்து, இரண்டு பொத்தான், ஒரு குமிழ்.

பதில் எழுதுவதாக இருந்தால் பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுதுங்கள். தானே படிக்க வேண்டும் என்கிறார் அம்மா.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்