ஒரே டிரம்மில் கலக்காதே

அஸ்தம்பட்டி, சேலம்
வைகாசி 8

அன்புள்ள கண்ணு,

போனில் நீ கேட்டது இரண்டு கேள்வி. நுண்ணுயிர் உரத்தையும் மிளகுக் கொடி மருந்தையும் சேர்த்து ஊற்றலாமா என்பது ஒன்று, புது மருந்துப் பொட்டலத்தில் மருந்து பாதியாக இருக்கிறதே என்பது இன்னொன்று. பெங்களூரு டிராஃபிக்கில் நின்றுகொண்டு கேட்டு முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். ஏற்காட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரத்தையும் மிளகுக் கொடிக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தையும் ஒரே டிரம்மில் கலக்காதே. ஒரே சனி, ஞாயிறில் ஒரே இடத்தில் ஊற்றவும் வேண்டாம். அந்த மருந்தில் இருக்கும் மெட்டலாக்சில் பாக்டீரியாவை அவ்வளவாகத் தொடாது. அதன் குறி வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமி. ஆனால் அதே பொட்டலத்தில் கூடவே இருக்கும் மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி ஆள் பார்த்து அடிக்காது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையில் இருக்கும் தாமிரமும் அப்படித்தான். மருந்து ஊற்றிய இடத்தில் குறைந்தது மூன்று வாரம் கழித்துத்தான் நுண்ணுயிர் உரம் போட வேண்டும்.

அதற்காக மழைக்காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. பாக்டீரியாவைக் குழியில் போடாமல் இப்போதே நாற்றுப் பையில் போட்டுவிடு. பைகள் நிழலில் தனியாக இருக்கின்றன, மருந்து அங்கே போகாது. மழை தொடங்கியதும் பழைய கொடிகளுக்கு மருந்து ஊற்று. நாற்று நடும்போது வேரோடு பாக்டீரியாவும் இறங்கிவிடும்.

அளவு இது. 100 சில்வர் ஓக் பைக்கு 200 கிராம் அசோஸ்பைரில்லம் பொட்டலம் 5. பைக்கு 10 கிராம் கணக்கு. 10 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, அந்த ஈரத்தில் ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் நிழலில் மூடி வை. நடுவில் இரண்டு தடவை கிளறு. பிறகு பைக்குச் சுமார் 110 கிராம், மேல்மண்ணைக் கொத்தி வேர்ப்பக்கம் சேர்த்து மூடு. மக்காத சாணி வேண்டவே வேண்டாம். அது கொதித்து உள்ளே 60 டிகிரிக்கு மேல் போகும், போட்டதெல்லாம் வெந்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமானால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுத் தெளி.

பெரும்பாலும் கெட்டுப்போவது காரில்தான். பொட்டலத்தில் இருப்பது பழுப்பு நிலக்கரித் தூள் மாதிரி ஏதோ ஒன்று, அதில் கிராமுக்கு 5 கோடி உயிர் இருந்தாக வேண்டும் என்பது அரசு விதி. வைகாசி வெயிலில் சேலத்தில் டிக்கியில் போட்டு, டீ குடித்து, சாமான் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். செத்த பொட்டலமும் உயிருள்ள பொட்டலமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தில் இருப்பது பேசில்லஸ் வகை பாக்டீரியாவானால் தடித்த ஓடுள்ள வித்தாக மாறிக்கொண்டு சூட்டைத் தாங்கும். அசோஸ்பைரில்லத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐஸ் பெட்டி வேண்டாம், ஈரத்துணி சுற்றிய கூடை போதும். சீட்டுக்கு அடியில் வை, காலாவதித் தேதி பார்த்து வாங்கு.

அசோஸ்பைரில்லம் தழைச்சத்து (நைட்ரஜன்) தருகிறது என்றுதான் கடையில் சொல்வார்கள். தருகிறது, ஆனால் மரக்கன்றுக்கு அதைவிடப் பெரிய உதவி ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சினைச் செய்து வேரருகே விடும். பக்க வேரும் வேர்த்தூவியும் அடர்த்தியாகும். அதனால் முதல் கோடையைத் தாண்டும் கன்றுகள் கூடும். மரம் ஒரு முழம் அதிகமாக வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டு பங்கு, மூன்று பங்கு போட்டாலும் பிரயோஜனமில்லை, ஆக்சின் மிஞ்சினால் வேர் நீளாமல் குட்டையாகிவிடும். கூடவே யூரியா கொட்டினால் பாக்டீரியா தழைச்சத்து பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும்போது யார் உழைப்பார்கள்?

பாஸ்போபாக்டீரியா சில்வர் ஓக்குக்கு அவ்வளவு அவசியமில்லை என்பது என் எண்ணம். மணிச்சத்து குறைந்த மண்ணில் அந்த மரம் பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கொத்து வேர் விட்டு, தானே அமிலம் கக்கி மணிச்சத்தைக் கரைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஏழை மண்ணில் பழகிய மரமல்லவா. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் அந்தக் கொத்து வேரே வராது. பாஸ்போபாக்டீரியாவைக் காப்பிக்கு வைத்துக்கொள். சேர்வராயன் மலையின் பாக்சைட் கலந்த சிவப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப் பிடித்துவைக்கும். இங்கே கீழே சுண்ணாம்பு கலந்த மண்ணில் கால்சியம் பிடித்துவைக்கும். பூட்டு வேறு வேறு.

கல்யாண முருங்கைப் போத்துக்கு (நடும் கிளைத்துண்டு), வேர் முடிச்சில் இருந்து தழைச்சத்து பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியாப் பொட்டலம் தேடி அலையாதே. நிலக்கடலைக்கான பொட்டலம் அதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நோயில்லாத பழைய மரம் ஒன்றின் அடியில் வேரைத் தோண்டி முடிச்சு இருக்கிறதா பார். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் வேலை செய்யும் முடிச்சு. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் அது ஓய்ந்துபோனது. சிவப்பு முடிச்சு இருக்கும் மரத்தின் அடி மண்ணை இரண்டு கைப்பிடி எடுத்துப் போத்து நடும் குழியில் போடு. ஒரு காசு செலவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. பழைய பொட்டலத்தில் மெட்டலாக்சில் 8 சதம், புதியதில் மெட்டலாக்சில்-எம் 4 சதம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டாய். இல்லை. உனக்குத் தும்மல் வந்தால் செட்டிரிசின் 10 மில்லிகிராம் போடுவாய், லெவோசெட்டிரிசின் என்றால் 5. இரண்டும் ஒரே கணக்குதான்.

இடது கையும் வலது கையும் போல, அணுக்கள் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத மூலக்கூறு ஜோடி உண்டு. கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி. ஆய்வகத்தில் சாதாரணமாகத் தயாரித்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வரும். உடலிலோ பூஞ்சையிலோ மருந்து போய் உட்கார வேண்டிய இடம் ஒரு கையுறை. பெரும்பாலும் ஒரு கைதான் நுழையும். இந்த இரண்டு கைகளுக்கும் ஆர், எஸ் என்று பெயர். மெட்டலாக்சிலில் வேலை செய்வது ஆர் வடிவம். எஸ் வடிவம் பெரும்பாலும் சுமை. எம் என்று போட்டிருந்தால் ஆர் வடிவமே பெரும்பங்கு, அதனால் பாதி போதும். உன் மூக்கே இந்த வித்தியாசத்தைச் சொல்லும். புதினா வாசனையும் சதகுப்பை விதையின் வாசனையும் கார்வோன் என்ற ஒரே மூலக்கூறின் இரண்டு கைகள்.

இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். பாதிதானே இருக்கிறது என்று புதியதை இரண்டு பங்கு போடாதே. மாங்கோசெப் இரண்டு பொட்டலத்திலும் அதே 64 சதம்தான், அதுவும் இரண்டு பங்காகிவிடும். 0.125 சதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 1.25 கிராம், 100 லிட்டர் டிரம்முக்கு 125 கிராம். கொடிக்கு 5 முதல் 10 லிட்டர், தூரைச் சுற்றி ஊற்று. கையுறையும் முகத்துணியும் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்காதே.

மண்ணுக்கும் இந்தக் கை விவகாரம் தெரியும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை 1848-ல் இடுக்கியால் இடது, வலது என்று பிரித்தவர் லூயி பாஸ்டர். அதற்கடுத்த பத்தாண்டில், இரண்டும் கலந்த கரைசலில் ஒரு பூஞ்சை ஒரு கையை மட்டும் தின்று மற்றதை விட்டுவைத்ததையும் அவரே பார்த்தார். மெட்டலாக்சிலை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைப்பதும் அப்படித்தான். காற்றோட்டமான மண்ணில் பிஎச் (அமிலத்தன்மை அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5-க்கு மேல் இருந்தால் ஆர் முதலில் காலியாகிறது, 4-க்கும் 5-க்கும் நடுவே இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம், 4-க்குக் கீழே தலைகீழ். ஆகவே சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு மண்ணைச் சரிசெய்தபின் வேலை செய்யும் கைதான் சீக்கிரம் தீரும். மண்ணில் எச்சம் இருக்கிறது என்று சாதாரணப் பரிசோதனை சொன்னாலும் அது உதவாத எஸ்ஸாக இருக்கலாம். அந்தப் பரிசோதனை இரண்டையும் சேர்த்தே எண்ணும். அதே மருந்தை அதே மண்ணில் திரும்பத் திரும்ப ஊற்றினால் அதைத் தின்னப் பழகிய பாக்டீரியாவும் பெருகும், நோயும் பழகிக்கொள்ளும். ஒரு சுற்று இது, அடுத்த சுற்று 0.2 சதம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்று மாற்று.

ஒரு கை நல்லது, மறு கை கெட்டது என்று மட்டும் மனதில் எழுதிக்கொள்ளாதே. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் ஊனமாகப் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கையை மட்டும் சுத்தமாகக் கொடுத்தாலும் உடலுக்குள் அது மறு கையாக மாறிவிடும், பிரித்து விற்றிருந்தாலும் அந்தக் குழந்தைகள் தப்பியிருக்க மாட்டார்கள். வலி மாத்திரையான இபுப்ரோஃபெனில் நேர்மாறு. வேலை செய்யாத ஆர் கையில் ஒரு பகுதியை உடலே எஸ் கையாகத் திருப்பிக்கொள்கிறது.

வீட்டு விஷயம் ஒன்று. அப்பாவின் பிரஷர் மாத்திரையை அடுத்த மாதம் நீதான் வாங்குவாய். சீட்டில் ஆம்லோடிபின் 5 என்று இருக்கும். கடையில் எஸ்-ஆம்லோடிபின் கொடுத்தால் அதில் 2.5-தான் சமம். எஸ் 5 வாங்கி வந்தால் இரண்டு மாத்திரை விழுங்கியதுபோல் ஆகும், கால் வீங்கும். அட்டையில் அந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்கு.

மிளகுக் கொடிகள் இருக்கும் மேட்டில் சுண்ணாம்பு போட்டாயா இல்லையா என்று நீ சொல்லவில்லை. வரும்போது அந்த மேட்டில் ஐந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைக் கலந்து அரை கிலோ துணிப்பையில் கொண்டு வா. பிஎச் பார்த்துவிட்டு மருந்தை எப்போது ஊற்றலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா