அண்ணனைப் பற்றி

அன்புள்ள செல்வம்,

அண்ணன் இங்கே சிங்கப்பூரில் எப்படி இருந்தார் என்று கேட்டிருந்தாய். போனில் அண்ணி பக்கத்தில் இருந்தார்கள், அதனால் முழுசாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 15 இங்கே முழுமைத் தற்காப்பு தினம். 1942இல் பிரிட்டிஷ்காரன் ஜப்பானிடம் சரணடைந்த நாள். மாலை 6.20க்குத் தீவு முழுக்க அபாயச் சங்கு ஊதும். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். அண்ணன் சமையலறையில் மலருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியதும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், என் பேத்தியை இறுக்கி அணைத்தபடி ஜன்னலை விட்டுத் தள்ளிச் சுவரோரம் குந்தியிருக்கிறார். சங்கு நின்றும் பிள்ளையை விடவில்லை. மலர்தான் மெதுவாக விரல்களைப் பிரித்து வாங்கினாள்.

அன்று ராத்திரி எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேசினார். 1987இல் இந்திய ராணுவத்தின் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனதை இத்தனை வருஷத்தில் உன்னிடமாவது சொல்லியிருக்கிறாரா? "கண்ணிவெடி பயம் எல்லாருக்கும் இருந்தது ரவி. வீடு வீடாகச் சோதனைக்குப் போனால் வடக்கத்திப் பசங்களுக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனக்கு என்ன சொல்லி அழுகிறார்கள் என்பதும் கேட்கும்" என்றார். விசாரிக்க இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு கிழவி கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்களும் தமிழாக்கள்தானே" என்றாளாம். இவர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னையில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எப்படி மாலை போடுவது? ஆனால் மாலை வேறு, "என்னப்பா நடந்தது" என்று உட்கார்ந்து கேட்பது வேறு. அண்ணனை அப்படி யாருமே கேட்கவில்லை. முன்கோபி, குடிகாரன் என்று ஊரே பெயர் வைத்துவிட்டது.

இது போர் விட்டுப்போன மன வியாதிதான் செல்வம். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்துப் பார்த்து, 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதைச் சேர்த்துவிட்டார்கள். பயத்தால் வருவது ஒன்று. மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்ததாலோ பார்த்ததாலோ வருவது இன்னொன்று. அண்ணனுக்கு இரண்டாவதுதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அதற்குத் தூக்க மாத்திரை மட்டும் போதாது, விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் பேசித்தான் இறக்க வேண்டும்.

பென்ஷன்காரர் என்பதால் முன்னாள் ராணுவத்தினருக்கான திருச்சி ஈ.சி.எச்.எஸ். மருத்துவமனையில் காட்டலாம், அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதுவரை 14416 என்ற டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். "பைத்தியக்கார டாக்டரா" என்று சத்தம் போடுவார், போடட்டும். அண்ணியை அனுப்பாதே, அவர்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். நீயே கூட்டிப் போ. போகிற தேதி முடிவானதும் எனக்குச் சொல், முந்தின ராத்திரி நானும் அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
ரவி