மேசைக்கு ஒரு கடிகாரம் வையுங்கள்

மதிப்புக்குரிய போட்டி அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு ஆறாம் எண் மேசையிலிருந்து நான்கு முறை கையைத் தூக்கி நடுவரை அழைத்தவன் நான்தான். நான்கு முறையும் வந்து, "கொஞ்சம் வேகமாக ஆடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு வேகமாக ஆடியதும் நான் மட்டும்தான்.

நாம் ஆடும் வார்ஹேமர் 40,000, மேசை மேல் பொம்மைப் படைகளை நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. அதில் பொம்மைகளின் மதிப்பைக் கூட்டினால் 2,000 புள்ளி வரும் படைக்கு மூன்று மணி நேரம் என்பது விதிநூலிலேயே உள்ள கணக்கு. ஐந்து சுற்று, இரண்டு பேர். படையை அடுக்கும் நேரத்தைக் கழிக்காவிட்டாலும் ஒருவர் ஒரு முறை ஆட 18 நிமிடம்தான் வரும். எதிராளி தன் முதல் முறைக்கு மட்டும் எடுத்துக்கொண்டது 47 நிமிடம். அவருடையது ஓர்க் என்னும் பச்சை அரக்கர் படை. அந்தக் கூட்டத்தில் இருபது பேர் பாய்ந்தால் அறுபது பகடை. எண்ணி எடுத்து, உருட்டி, பட்டதைப் பொறுக்கி மறுபடி உருட்டி, பிறகு நான் என் கவசத்துக்கு உருட்ட வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை, ஆட்டமே அதுதான். ஆனால் ஒவ்வொரு பொம்மையையும் அரை அங்குலம் நகர்த்தி, அளவுநாடாவைச் சுருட்டி, யோசித்து, பழைய இடத்திலேயே திரும்ப வைப்பதற்கு என்ன பெயர்?

என் படையில் கனத்த கவச வீரர்களான டெர்மினேட்டர்கள் ஐந்து பேர். அவர்களின் தோள்கவச விளிம்பை மெல்லிய தூரிகையால் வரையவே மூன்று வாரம் போனது. மூன்றாம் சுற்றில் களத்தின் நடுவே இறக்கலாம் என்று வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று அறிவித்தபோது, அந்தச் சுற்றில் எதிராளியின் முறையே முடிந்திருக்கவில்லை. ஐவரும் பஞ்சு வைத்த பெட்டிக்குள் இருந்தபடியே தோற்றார்கள். வண்ணம் பூசிய படைக்கு வெற்றிக் கணக்கில் 10 புள்ளி உண்டு. அந்தப் படை பெட்டியை விட்டு வெளியே வர நேரம்தான் இல்லை.

ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம், மேசைக்கு, இருவர் நேரத்தையும் தனித்தனியே காட்டும் ஒரு செஸ் கடிகாரம். நான் கேட்பது இவ்வளவுதான். தன் நேரம் தீர்ந்தவர் கவசப் பகடை மட்டும் உருட்டட்டும். நகரவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். வார்மெஷின் என்ற இன்னொரு பொம்மைப் போர் ஆட்டத்தின் போட்டிகளில் கடிகாரம் தீர்ந்தால் ஆட்டமே போய்விடும். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

புதியவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சென்ற முறை சொன்னீர்கள். ஞாயிறன்று 47 நிமிடம் யோசித்தவர் புதியவர் அல்லர், உங்கள் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். செலவு என்றும் சொன்னீர்கள். அந்தக் கடிகாரம் கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மதியச் சாப்பாடு மூன்றேகாலுக்கு வந்தது, தேநீர் வரவே இல்லை. சிறப்பு விருந்தினர் பேச மட்டும் காலையில் முழுதாக நாற்பது நிமிடம் கிடைத்தது. அவருக்கும் ஒரு கடிகாரம் வைத்திருக்கலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. அடுத்த மாதப் போட்டிக்கும் பணம் கட்டிப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் மேசைக்கு ஒரு கடிகாரம் வைக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். போதாவிட்டால் என் வீட்டில் இரண்டு இருக்கின்றன, எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் எண் மேசைக்காரன்