ஓலை மீன்களும் ஒரு கல்யாணமும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே இளையவளுக்குக் கோயிலில் இரண்டாம் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. வீடு முழுக்க ஒரே பனையோலைக் குப்பை.

மேடை அலங்காரத்துக்கு ஒருவரிடம் விலை கேட்டோம். தெர்மாகோல் எழுத்து, பிளாஸ்டிக் பூ, சீரியல் விளக்கு என்று ஆல்பத்தைக் காட்டினார். அழகுதான். ஆனால் பெயரை மாற்றினால் யார் கல்யாணத்துக்கும் பொருந்தும். "பார்த்தாலே நம்ம ரெண்டு வீடும் தெரியணும்மா" என்றாள் இவள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. என் அப்பா கருங்கல் பக்கம் பனையேறினவர். மாப்பிள்ளையின் தாத்தா குளச்சலில் கட்டுமரம் தள்ளினவர். அதனால் பனையோலையில் மீன் முடைந்து, மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பில் கட்டித் தொங்கவிடப் போகிறோம். தங்கூசி கண்ணுக்குத் தெரியாதில்லையா, லேசாகக் காற்றடித்தால் போதும், மீன்கள் அந்தரத்தில் நீந்துகின்றன!

பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ள வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடியைக் கலந்து, ஓலையை முக்கி நிழலில் உலர்த்துகிறோம். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் முறிந்துவிடும். கொஞ்ச நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்தால்தான் சொன்னபடி வளையும். ஒவ்வொரு மீனிலும் இரண்டு வீட்டாரில் ஒருவர் பெயரை மூத்தவள் எழுதுகிறாள். இறந்துபோனவர்கள் பெயரும் உண்டு. அப்பாவின் மீனை அம்மாவே முடைந்தாள். இந்த வயதிலும் அவள் விரல் பிசகவில்லை. அதை மணமக்கள் நாற்காலிக்கு நேர் மேலே கட்டச் சொல்லியிருக்கிறேன்.

வாசல் தோரணத்துக்குத் தென்னங்குருத்து. முன்கூட்டியே வெட்டினால் வாடிச் சுருண்டுவிடும் என்பதால் அந்த வேலை முந்தின நாள் சாயங்காலம்தான். குலைவாழை சித்தப்பா தோட்டத்திலிருந்து வருகிறது.

மாலைக்கு மட்டும் தோவாளையில் சொல்லியாயிற்று. மாணிக்க மாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய்போலத் தட்டையாகக் கட்டுவார்களே, அதுதான். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தலைமுறையாகக் கை பழகினவர்கள் செய்யும் வேலை அது, அவர்களே கட்டட்டும். நாம் கட்டினால் அந்த நேர்த்தி வராது.

அப்புறம், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். குருத்தோலை ஞாயிறு வந்தால் சிலுவை மடித்த கையோடு பிள்ளைகளுக்கெல்லாம் கிளியும் மடித்துக் கொடுப்பாயே, அந்தக் கிளி இங்கே ஒருத்திக்கும் வரவில்லை. தோரணத்தில் இடையிடையே கிளி வைக்க வேண்டும் என்று இளையவளுக்கு ரொம்ப ஆசை. கல்யாணம் திங்கட்கிழமை. நீ சனிக்கிழமையே வந்துவிடு, அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மறக்காமல் உன் பேனாக்கத்தியை எடுத்து வா, இங்கே இருப்பதெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது.

அன்புடன்,
உன் பழைய தோழி